வம்பு புடிச்ச லிங்க் உள்ள டெஸ்ட் டார் ஃபைல் ஷெல்லுல எப்படி உண்டாக்குறது?

தக்கலை_ஷீட்:
அண்ணன்மாரே, இங்க ரப்பர் ஷீட் வாங்குற கடைகளுக்கு கணக்கு சாஃப்ட்வேர் செய்யுதோம். கடைக்காரங்க பேக்கப்ப டார், ஜிப்புண்ணு (பல ஃபைல ஒண்ணா கட்டுன ஃபைல்) அனுப்புவாங்க, நம்ம பைத்தான் கோடு சர்வர்ல அத விரிக்கும், எவனாவது உள்ள ஒரு சிம்லிங்க (வேற இடத்த காட்டுற குறுக்குவழி) வச்சு வெளிய உள்ள ஃபோல்டர்ல எழுத வச்சுட்டாண்ணா எல்லா கடை கணக்கும் போச்சு. அதுக்கு டெஸ்ட் எழுதணும். ‘../’ (ஒரு படி மேல உள்ள ஃபோல்டர்) போட்டு பேர் குடுத்தா டார் அத வெட்டிட்டுதான் சேக்குது, ஜிப்புல லிங்குக்கு பதிலா அசல் ஃபைலே போவுது. என்ன வழி?

குளச்சல்காரன்:
தம்பி, டாருக்கு பெரிய பி, அதாவது -பி போடு, வெட்டாது. ஜிப்புக்கு -ஒய்.
ஆனா நீ பயப்படுத கேஸ் வேற, அதுக்கு ஒரே பேர்ல ரெண்டு என்ட்ரி வேணும், மொதல்ல லிங்க், பெறவு அதே பேர ஃபோல்டரா வச்ச ஒரு ஃபைல். எம்கேடெம்ப் -டி வச்சு காலி ஃபோல்டர் எடுத்து அதுக்குள்ள போய் செய்:
எல்என் -எஸ் ../வெளிய கணக்கு
டார் -சிஎஃப் டெஸ்ட்.டார் கணக்கு
ஆர்எம் கணக்கு
எம்கேடிர் கணக்கு
எக்கோ வம்பு > கணக்கு/ஷீட்
டார் -ஆர்எஃப் டெஸ்ட்.டார் கணக்கு/ஷீட்
‘வெளிய’ண்ணு ஒண்ணு இல்லாட்டாலும் எல்என் கேக்காது. கடைசி வரில ஃபோல்டர சேக்காத, ஃபைல மட்டும் சேரு. கம்ப்ரெஸ் பண்ணுன ஃபைல்ல -ஆர் ஓடாது, ஜிஸிப் எல்லாம் முடிச்சுட்டு போடு.

மார்த்தாண்டம்_தேன்கூடு:
இத டார் வச்சே விரிச்சு பாத்துட்டு ஆபத்தில்லண்ணு இருந்துராத மக்கா. க்னூ டார் (லினக்ஸ்ல உள்ள டார்) இந்த மாதிரி வெளிய போற லிங்குக்கு மொதல்ல ஒரு காலி ஃபைல வச்சுட்டு கடைசிலதான் அசல் லிங்க போடும், அதனால ரெண்டாவது என்ட்ரி டைரக்டரி இல்லண்ணு நின்னுரும். உன் கோட வச்சுதான் விரிக்கணும். பைத்தான் 3.12ல டார விரிக்கும்போது ஃபில்டர்ல டேட்டாண்ணு குடுத்தா வெளிய போற லிங்க்ல எரர் வரும், 3.14ல அதுவே டீஃபால்ட். சர்வர்ல எது ஓடுதுண்ணு கண்டிப்பா பாரு, எனக்கு இதுதான் பெரிய பயம்.

குளச்சல்காரன்:
ஹார்ட்லிங்கயும் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பேர்) விடாத. ஒரு ஃபைலுக்கு ரெண்டு பேர் இருந்தா டார்ல மொத பேர்லதான் டேட்டா இருக்கும், ரெண்டாவதுல பேர் மட்டும். டார் --டெலீட் வச்சு மொதல தூக்கிட்டா ஆதாரம் இல்லாத லிங்க் ரெடி.
பேர் நீளமும் உண்டு. பழைய யூஸ்டார் ஃபார்மேட்ல லிங்க் போற இடத்துக்கு 100 பைட்டுதான், தமிழ் எழுத்து, புள்ளி, கொம்பு எல்லாம் யூடிஎஃப்-8ல தனித்தனியா 3 பைட்டு. ‘நாகர்கோவில்’ 33 பைட்டு, மூணு தடவ சாய்கோடு போட்டு எழுதுனா 101, --ஃபார்மேட்=யூஸ்டார் போட்டா அந்த லிங்க சேக்காம விட்டுரும். நம்ம கடைக்காரங்க தமிழ்லதான பேர் வைப்பாங்க?

தக்கலை_ஷீட்:
ஆமாண்ணே, ஊர் பேர், வருசம், சீசன்ண்ணு நீட்டமா வைப்பாங்க, அதையும் போடுதேன். டார் ஃபைலுக்கு பதிலா ஸ்கிரிப்ட கிட்ல (கோடு சேத்து வைக்கிற இடம்) வச்சுட்டு டெஸ்ட் ஓடும்போதே உண்டாக்கலாமா? ஒருத்தர் மேக் வச்சிருக்காரு.

மார்த்தாண்டம்_தேன்கூடு:
ஸ்கிரிப்ட்தான் கொள்ளாம், உள்ள என்ன இருக்குண்ணு படிச்சாலே தெரியும். மேக்ல உள்ளது பிஎஸ்டி டார், அதுல --டெலீட் கிடையாது. ஹோம்ப்ரூ (மேக்ல சாஃப்ட்வேர் போடுற டூல்) வழியா க்னூ டார் போட்டா ஜிடார்ண்ணு கிடைக்கும், ஸ்கிரிப்ட்ல அத இருக்காண்ணு மொதல்ல பாக்க வை.