கொள்ளுத்தாத்தாவின் பொக்கட் வாட்ச்: முள்ளைத் திருப்ப முடியவில்லை, வேகமாகவும் ஓடுகிறது, உதவுங்கள்

லிந்துலைப் பேத்தி:
வணக்கம். எங்கள் கொள்ளுத்தாத்தா லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய பொக்கட் வாட்ச் போன மாதம் அப்பாயியின் டிரங்குப் பெட்டியிலிருந்து என் கைக்கு வந்தது. வெள்ளை டயல், ரோமன் எண்கள், ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வினாடி முள்ளுக்குக் குட்டி வட்டம். சாவி கொடுத்தவுடனே ஓடத் தொடங்கியது. அப்பாயி காதில் வைத்துக் கேட்டுவிட்டு நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

பிரச்சினை இரண்டு. மேலே உள்ள குமிழைத் திருகினால் சாவி ஏறுகிறது, முள் மட்டும் நகர்வதில்லை. கைக்கடிகாரத்தில் இழுப்பதுபோல் மெதுவாக இழுத்தும் பார்த்தேன், வரவில்லை. டவுனில் ஒரு கடையில் காட்டியபோது, குமிழ் உடைந்துவிட்டது, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு பேட்டரி மிஷின் போட்டுத் தருகிறோம் என்றார்கள். மனசு கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது, முதல் கிழமை ஓரளவு சரியாக ஓடியது. இப்போது மணித்தியாலத்துக்கு 10 நிமிடம் முந்துகிறது.

பின்மூடிக்குள் 0.800 என்றும் பக்கத்தில் கோழி மாதிரி ஒரு பொடி முத்திரையும் இருக்கின்றன. அதற்குள் இருக்கும் இரண்டாவது மூடியில் ரெமோன்துவார், சிலிண்டர், 10 ரூபி என்று பொறித்திருக்கிறது.

பதுளை மலைக்காற்று:
தங்கச்சி, என் அனுபவத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பழைய கடிகாரம் சரியாகிவிடும். அப்புறம், மலையில் காற்று மெல்லியது, அதனாலும் வேகமாக ஓடும் என்பார்கள்.

ஹட்டன் பழங்கடிகாரம்:
தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள். தையல் மிஷின் எண்ணெய் ஓரிடத்தில் நிற்காது, பரவும். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு மேலே தலைமுடி மாதிரிச் சுற்றியிருக்கும் ஹேர் ஸ்பிரிங்கில் பட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகி, கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும். மலைக்காற்று விஷயம் உண்மைதான். ஆனால் நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்தில்கூட அது நாளுக்குச் சில வினாடிகள்தான். 10 நிமிடத்துக்கு அது காரணமாகாது.

பேத்தி, குமிழ் உடையவில்லை என்றே நினைக்கிறேன். பழைய சுவிஸ் கடிகாரங்கள் பலவற்றில் குமிழை இழுத்து நேரம் வைக்க முடியாது. கடிகாரத்தின் விளிம்பில், குமிழுக்குச் சற்றுத் தள்ளி, அரிசி நுனி அளவில் ஒரு குட்டிப் பொத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அதைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்தபடியே குமிழைத் திருகுங்கள். விட்டவுடன் குமிழ் மறுபடி சாவி கொடுக்கப் போய்விடும். அடையாளம் தெரியாதவர்கள் குமிழைக் குறடு போட்டு இழுத்து நிஜமாகவே உடைத்துவிடுவார்கள். நீங்கள் நிறுத்திக்கொண்டது நல்லது.

உங்கள் கோழி முத்திரை சுவிட்சர்லாந்தின் வெள்ளிக்குரியது, ஒரு வகைக் காட்டுக்கோழி. ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி. அங்கே 1880இல் வந்த சட்டத்தோடு வந்த அடையாளம், அதற்கு முந்தையது இல்லை. ரெமோன்துவார் என்றால் தனிச் சாவி இல்லாமல் குமிழாலேயே முறுக்கக்கூடியது. 10 ரூபி என்பது தேய்மானம் குறைய உள்ளே பதித்த கற்களின் எண்ணிக்கை. சிலிண்டர் என்பது உள்ளே சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் அமைப்பின் பெயர். அந்த வகை நல்ல நிலையில் இருந்தாலும் நாளுக்குச் சில நிமிடம் முன்பின்னாகும். அதைக் குறை என்று எண்ண வேண்டாம்.

திடீரென்று மணித்தியாலத்துக்கு 10 நிமிடம் முந்துகிறதென்றால் காந்தம் ஏறியிருக்கலாம். காந்தம் ஏறினாலும் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். இரவில் எங்கே வைக்கிறீர்கள்?

லிந்துலைப் பேத்தி:
அண்ணா! பொத்தான் இருக்கிறது. அழுக்கு மூடியிருந்ததால் கண்ணில் படவில்லை. ஈர்க்குச்சியால் சுற்றிலும் மெல்லத் துடைத்துவிட்டு நீங்கள் சொன்னபடி அழுத்தித் திருகினேன். முள் நகர்ந்தது. இன்னொன்றும் பார்த்தேன். அந்தப் பொத்தானை ஒட்டி வெள்ளியில் நகம் படும் இடம் மட்டும் குழிந்து வழவழப்பாக இருக்கிறது. என் நகம் அதில் அப்படியே உட்காருகிறது. அப்பாயியிடம் காட்டினேன். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் போகும் முன், விடியக்காலையில் விளக்கடியில் நின்று நேரம் வைப்பாராம் அப்பாயியின் மாமனாரான கொள்ளுத்தாத்தா.

இரவில் தலைமாட்டில் போன் பக்கத்தில்தான் வைக்கிறேன். போன் கவரில் காந்தப் பூட்டு இருக்கிறது.

ஹட்டன் பழங்கடிகாரம்:
அதுதான் அனேகமாக. பள்ளிப் பிள்ளைகளின் சின்னத் திசைகாட்டி ஒன்றை ஓடுகிற கடிகாரத்தின் மேல், பேலன்ஸ் சக்கரம் இருக்கும் பக்கத்தில் வையுங்கள். ஊசி டிக் டிக்கோடு சேர்ந்து துடித்தால் காந்தம் ஏறியிருக்கிறது. மெக்கானிக்கல் கடிகாரம் பழுது பார்ப்பவர்களிடம் காந்தம் நீக்கும் கருவி இருக்கும், சில வினாடி வேலை. கொடுக்கும்போதே பழைய எண்ணெயையும் கழுவித் துடைத்துப் புதிதாக இடச் சொல்லுங்கள். பெட்டியில் கிடந்த காலத்தில் எண்ணெய் பிசினாகியிருக்கும், அப்படியே ஓட்டினால் தேய்மானம்தான். பேட்டரி மிஷின் பேச்சை எடுப்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

பதுளை மலைக்காற்று:
நான் சொன்ன எண்ணெய் தவறு, மன்னிக்கணும் தங்கச்சி. நானும் ஒன்று கற்றுக்கொண்டேன்.

லிந்துலைப் பேத்தி:
பரவாயில்லை அண்ணா. திசைகாட்டி ஊசி துடித்தது. கண்டியில் பழைய கடிகாரம் கழுவும் ஒரு ஐயாவிடம் நேற்றுக் கொடுத்தேன். காந்தத்தை என் முன்னாலேயே எடுத்தார், கழுவ இரண்டு கிழமை கேட்டிருக்கிறார். திரும்பி வந்ததும் இங்கே பனி ஈரத்துக்கு எப்படி வைப்பது?

ஹட்டன் பழங்கடிகாரம்:
ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில், போனுக்கும் ஸ்பீக்கருக்கும் எட்ட. வெள்ளியைப் பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், அந்த நகக் குழியும் போய்விடும்.