ராயபுரம் பக்கம் சிறுவர்களுக்குப் பாதுகாப்பான குத்துச்சண்டை வகுப்பு தேவை

என் மகளுக்கு 10 வயது, எடை 28 கிலோ. ராயபுரத்தில் வீட்டுக்குப் பக்கத்து கிளப்பில் ஐந்து மாதமாகக் குத்துச்சண்டை கற்கிறாள். மூன்று வாரம் முன்பு 40 கிலோ பையனோடு ஸ்பாரிங் (நேருக்கு நேர் பயிற்சிச் சண்டை) விட்டார்கள். ஹெட்கார்டு (தலைக்கவசம்) இல்லை. பொட்டில் அடி பட்டு இரண்டு நாள் தலைவலி, ஒருமுறை வாந்தி. டாக்டர் மூளை அதிர்ச்சி என்று சொல்லி, அவர் சரி என்னும்வரை பயிற்சியே கூடாது என்றார்.

மாஸ்டரிடம் பேசினேன். "அடி வாங்கினால்தான் பயம் போகும்" என்கிறார். எடை பார்த்து ஜோடி சேர்க்கக் கேட்டேன், பிள்ளைகள் குறைவாம். ஹெட்கார்டு வாங்கித் தரலாம்தான், ஆனால் அது வெட்டுக்காயத்தைத் தடுக்குமே தவிர மூளை குலுங்குவதைத் தடுக்காது. வேறு இரண்டு இடம் போய்ப் பார்த்தேன். ஒன்றில் 14 வயதுக்கு மேல்தான், இன்னொன்றில் இதே கதை.

அவளுக்கு இந்த விளையாட்டு உயிர். நிறுத்த மனமில்லை. கால் நகர்வு, தொங்கும் பேக்கிலும் மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடிலும் குத்தும் பயிற்சி போதும், தலையில் அடியே வேண்டாம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி சுற்றில் ஸ்பாரிங் இல்லாமல் சிறுவர்களுக்குச் சொல்லித்தரும் வகுப்பு, உங்கள் பிள்ளை போய்வந்த இடம், எது?