‘சே’ படத்தை நம்ம ஊரில் போட்டபோது

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து:

போன கோடையில் எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில், கியூபப் புரட்சியில் போராடிய சே குவேராவைப் பற்றிய ‘சே’ படம் போட்டோம். ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்து 2008-இல் வந்தது. இரண்டு பாகமும் சேர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடும், பேச்சு பெரும்பாலும் ஸ்பானிஷ். ராத்திரிக்கு ஒரு பாகம் என்று பிரித்துக்கொண்டோம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும் ஆங்கில வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சண்டைக் காட்சி வந்தால்தான் அவருக்குத் தண்ணீர் குடிக்க நேரம்.

வந்தவர்களில் பாதிக்குமேல் வயல் வேலைக்குப் போகிற பெண்கள். பெனிசியோ டெல் டோரோவுக்கு இந்தப் படத்துக்காக கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது என்று முன்னுரையில் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. ஆனால் கியூபாவின் சியரா மாஸ்த்ரா மலையில் சே மூச்சுவாங்கிப் பின்தங்கியதும் கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. “இந்த இழுப்ப வச்சிக்கிட்டு எப்படி மலை ஏறுனாரு?” என்று பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார். வருஷாவருஷம் அறுவடைத் தூசியில் அவருக்கும் இழுப்பு வரும். படம் முடிகிற வரைக்கும் அவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, அந்த ஆளின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பாகத்தின் கடைசியில் தலைநகர் ஹவானாவுக்குப் போகிற வழியில் சில போராளிகள் யாருடைய காரையோ ஓட்டிக்கொண்டு வருவார்கள். சே மறித்து, கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார். அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல். (தட்டியவர்களில் இரண்டு மூன்று பேர் எங்கள் ஊர்ப் பிரமுகர் ஒருவரின் வண்டி வாங்கிய கதை தெரிந்தவர்கள். அது இங்கே வேண்டாம்.)

நான் சொல்ல வந்தது இரண்டாவது ராத்திரியைப் பற்றி. 1966 கடைசியில் அங்கேயும் புரட்சி நடத்த சே மாறுவேடத்தில் பொலிவியாவுக்குப் போவதிலிருந்து, 1967 அக்டோபர் 8 பிடிபட்டு மறுநாள் லா இகேரா பள்ளிக்கூடத்தில் சுட்டுக் கொல்லப்படுவது வரை. எதுவுமே கூடிவராத கதை. இழுவை என்று பல பேர் எழுதிப் படித்திருக்கிறேன். எங்கள் கூடத்தில் ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. காரணம் சோறு. அந்தப் படையினர் குடிசை குடிசையாய்ப் போய்ச் சாப்பிட ஏதாவது கேட்கும்போதெல்லாம் இங்கே எல்லோரும் கொடுக்கிறவன் முகத்தைத்தான் படித்தார்கள். “இவன் காட்டிக் குடுத்துருவான் பாரு” என்று ஒரு பெரியவர் முன்கூட்டியே சொன்னார். அப்படித்தான் ஆனது.

அவருக்கு அது தெரியாமல் இருக்குமா? 1940-களின் கடைசியில் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை இருந்த காலத்தில், தலைமறைவாக இருந்தவர்களுக்குக் கஞ்சிக் கலயத்தை வரப்பு வழியாகக் கொண்டுபோன வீட்டில் பிறந்தவர். படம் முடிந்ததும் அவர் பேச்சு நேரே கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவுக்குப் போய்விட்டது. கர்நாடகத்துக்காரர், தாய்மொழி கன்னடம். தமிழைக் கற்றுக்கொண்டு, சேரியிலேயே தங்கி, அங்கே கிடைத்ததைச் சாப்பிட்டு, சாணிப்பாலுக்கும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் தண்டனை) சவுக்கடிக்கும் எதிராகப் பண்ணையாட்களை நிமிர வைத்தவர். அவர் நினைவிடம் திருத்துறைப்பூண்டியில்தான் இருக்கிறது. “அவரும் வெளியூரு, இவரும் வெளியூரு. அவர நாங்க ஒளிச்சு வச்சோம், இவர அவுங்க ஏன் வைக்கல?” என்றார் பெரியவர்.

வாத்தியார் பதில் சொன்னார். பொலிவியாவில் 1953-லேயே நிலச்சீர்திருத்தம் வந்து நிறையக் குடியானவர்கள் கையில் நிலம் இருந்தது. போதாததற்கு சேயின் ஆட்கள் கெச்சுவா மொழியைப் படித்துக்கொண்டு போனார்கள், அவர்கள் இருந்த பக்கத்திலோ குவாரனி பேசுகிறார்கள். “கையில நெலம் இருக்கறவன் எதுக்குக் காட்டுக்குப் போவான்?” என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். அதற்கு மேல் யாரும் வாதம் பண்ணவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் சிரிப்பு. பொலிவியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மோன்ஹே காட்டுக்கு வந்து, இங்கே தலைமை எனக்குத்தான் என்று சேயிடம் மல்லுக்கு நிற்கும் காட்சி. 1964-இல் இங்கே கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்ததைப் பார்த்த கிழவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து:

என் அனுபவம் சின்னது. 1999-இல் முரளி நடித்து ‘இரணியன்’ வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். இரணியனின் ஊரான வாட்டாக்குடி எங்களுக்குப் பக்கம். மலேயாவில் இருந்து, நேதாஜி படையில் சேர்ந்து, ஊர் திரும்பிப் பண்ணையாட்களுக்காக நின்று, 1950-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர் இரணியன். அவரைப் பற்றி என் அப்பாயிக்கு (அப்பாவின் அம்மா) நிழல் மாதிரி ஏதோ ஞாபகம் இருந்தது. மீனாவோடு பாட்டு வந்ததும் அப்பாயிக்குக் கோபம் தாங்கவில்லை. “ராத்திரி எந்த வீட்டுல படுக்கிறதுன்னு தெரியாம சுத்துன மனுசன், பாட்டுப் பாடுனாராம்!” என்று தியேட்டரிலேயே சத்தம் போட்டது. நான் கூச்சத்தில் குனிந்து உட்கார்ந்தேன். ஆனால் கடைசிக் காட்சியில் அதே அப்பாயிதான் எழுந்து நின்று கும்பிட்டது. படம் சரியில்லை என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. மறுவாரமே அத்தையைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனது.

கும்பகோணத்திலிருந்து:

எல்லோரும் கும்பிடுகிற கதையாகவே எழுதுகிறீர்கள், எனக்கு அது உறுத்துகிறது. நான் ‘சே’ படத்தை லேப்டாப்பில், காலேஜ் ஹாஸ்டலில் நண்பர்களோடு பார்த்தேன். படம் 1958 டிசம்பரில் கியூபாவில் நடந்த சாந்தா கிளாரா சண்டையோடு ஒரு பாகத்தை முடித்துவிட்டு, அடுத்ததைப் பொலிவியாவில் தொடங்குகிறது. நடுவில் அவர் ஆட்சியில் இருந்த வருஷங்கள் எங்கே? 1959 தொடக்கத்தில் ஹவானாவின் லா கபானா கோட்டை அவர் பொறுப்பில் இருந்தபோது பழைய ஆட்சியின் ஆட்களை விசாரித்துச் சுட்டார்கள். 1964-இல் ஐ.நா. சபையிலேயே அவர் அதை மறைக்காமல் ஒத்துக்கொண்டார். இதைக் கேட்டால், “சட்டையில சே படம் போட்டுக்கிட்டு நீ பேசலாமா?” என்றான் என் அறைத் தோழன். சட்டை அவனுடையது, நான் இரவல் வாங்கிப் போட்டிருந்தேன் என்பது வேறு விஷயம். காட்டில் நல்லவராக இருப்பது ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்தபின் எப்படி இருந்தார் என்பது இன்னொன்று. இயக்குநர் கஷ்டமான பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டார் என்பதுதான் என் எண்ணம்.

மறுபடி திருத்துறைப்பூண்டி:

கும்பகோணத்துத் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கூடத்திலும் இது வந்தது, வேறு வழியாக. முதல் பாகத்தில் சேயின் பெயரைச் சொல்லிக் குடியானவர்களிடம் கொள்ளையடித்து, பெண்ணைக் கெடுத்தவர்களைச் சுட்டுக் கொல்வார்கள் இல்லையா, அங்கே பெண்கள் பக்கம் “நல்லா வேணும்” என்று சத்தம். மறுநாள் டீக்கடையில் ஒரு இளைஞர் அதையே திருப்பிப் போட்டார்: கோர்ட்டும் இல்லை, வக்கீலும் இல்லை, அதுக்குக் கை தட்டலாமா? வெண்மணி இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி அங்கே கூலி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள், மேல்கோர்ட்டில் பண்ணையார் தரப்பு விடுதலை ஆனது. அதைச் சொல்லி ஒரு பெரியவர் அவரை மடக்கப் பார்த்தார். இளைஞர் மடங்கவில்லை. அந்தக் கோர்ட்டு சரியில்லை என்றால் சரியான கோர்ட்டைக் கேள், கோர்ட்டே வேண்டாம் என்று சொல்லாதே என்றார். எனக்கும் அவர் பக்கம்தான் மனசு. பெரியவரிடம் அதைச் சொல்லவில்லை, டீக்காசு கொடுத்தது அவர்.

இப்போது இரண்டாம் பாகத்தை மட்டும் பக்கத்து ஊரில் போடுங்கள் என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கியூபாவில் குடியானவர்கள் வலியப் போய்ச் சேர்ந்துகொண்டதைப் பார்க்காமல், பொலிவியாவில் கதவைச் சாத்தியதை மட்டும் பார்த்தால் மிஞ்சுவது பரிதாபம் மட்டும்தான். இரண்டு ராத்திரிக்கும் கரண்ட் இருக்குமா, மைக் பிடிக்க வாத்தியார் வருவாரா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சப்டைட்டிலைத் தமிழில் நல்லா வாசிக்கிற ஆள் மன்னார்குடிப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.