பெயர் வைத்த பகுதிக்குள் ஒரே ஒரு செல்லை எடுப்பது எப்படி?

கிடங்குக்கணக்கு (ரங்கூன்):
வணக்கம். பருப்புக் கிடங்கில் எக்செல்லில் கணக்கு எழுதுகிறேன். விலைப்பட்டியல் ஒரு ஷீட், பில் இன்னொரு ஷீட். பட்டியலில் பி2 முதல் டி19 வரைக்கும் ‘விலை’ என்று பெயர். வரிசைக்கு ஒரு சரக்கு. சில்லறை, மொத்தம், வெளியூர் என்று மூன்று பத்தி, எல்லாம் வீசைக் கணக்கு.

பில்லில் உளுந்துக்கு நேராக சி7 செல்லைக் காட்டியிருந்தேன். போன வாரம் முதலாளி பட்டியலை எழுத்து வரிசையில் அடுக்கிவிட்டார். சி7 அங்கேயே நின்றது, உளுந்து நகர்ந்துவிட்டது. பன்னிரண்டு மூட்டை உளுந்து பச்சைப்பயறு விலையில் போய்விட்டது. வாங்கியவர் பல வருஷ வாடிக்கை, மிச்சத்தைக் கேட்க முதலாளிக்கு மனசு வரவில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

‘விலை’க்குள் ஆறாவது வரிசை, இரண்டாம் பத்தி என்று கேட்க வழி உண்டா?

மோல்மேன்காரன்:
=இண்டெக்ஸ்(விலை,6,2)

எண்ணிக்கை அந்தப் பகுதியின் முதல் செல்லிலிருந்து தொடங்கும். பகுதியைத் தாண்டிய எண் கொடுத்தால் ரெஃப் பிழை வரும். வரிசைக்கு 0 கொடுத்தால் பத்தி முழுவதும் கிடைக்கும்: =ஆவரேஜ்(இண்டெக்ஸ்(விலை,0,2)). ஆஃப்செட் என்ற சூத்திரத்திலும் செய்யலாம், ஆனால் வேண்டாம், ஷீட்டில் எதைத் தொட்டாலும் மறுபடி கணக்குப் போடும், பெரிய ஃபைல் திணறும்.

பழையபேரேடு:
தம்பி கேட்டதற்கு அது பதில்தான். ஆனால் மறுபடி அடுக்கினால் ஆறாவது வரிசையில் வேறு சரக்கு இருக்குமே. ஏ2 முதல் ஏ19 வரை ‘சரக்கு’ என்று பெயர் வையுங்கள்.

=இண்டெக்ஸ்(விலை,மேட்ச்(ஏ5,சரக்கு,0),2)

ஏ5 பில்லில் சரக்கின் பெயர் இருக்கும் செல். அந்தப் பெயர் ‘சரக்கு’க்குள் எத்தனையாவது என்று மேட்ச் தேடிச் சொல்லும். அந்த 0-வை விட்டுவிடாதீர்கள்; விட்டால் சரியாகப் பொருந்தாததையும் எடுத்துக்கொள்ளும். புதுச் சரக்கை நடுவில் வரிசை நுழைத்துச் சேருங்கள். 19-க்குக் கீழே எழுதினால் பெயருக்குள் வராது.

கிடங்குக்கணக்கு:
அண்ணே, பதினெட்டில் பதினாலு சரி. நாலுக்கு, பெயர் கிடைக்கவில்லை என்று என்ஏ பிழை. பெயரெல்லாம் பர்மிய எழுத்தில். ‘மட்பே’ (உளுந்து) இரண்டு ஷீட்டிலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

பழையபேரேடு:
பட்டியல் பழைய ஃபைலா? அப்படியானால் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையில் அடித்ததாக இருக்கும்; அதில் சில எழுத்துகளின் உள் எண் யூனிகோடில் இருப்பதல்ல. 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறியது, பழைய ஃபைல் தானாக மாறாது. நம் புள்ளி மாதிரி பர்மியத்திலும் மெய்யாக்கும் குறி உண்டு. மட்பேயில் அது மூன்றாவது. இரண்டு ஷீட்டிலும் =யூனிகோட்(மிட்(ஏ5,3,1)) என்று, ஏ5 இடத்தில் அந்தந்த செல்லைப் போட்டுப் பாருங்கள். 4154 வந்தால் யூனிகோட், 4153 வந்தால் ஸோஜி.

கிடங்குக்கணக்கு:
பில்லில் 4154, பட்டியலில் 4153! நாலு பெயரையும் புதிதாக அடித்தேன். இனி பில்லில் யாரும் கையால் அடிக்காமல் ‘சரக்கு’ பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்கும்படி டேட்டா வாலிடேஷனும் போட்டுவிட்டேன். இன்று காலை முதலாளியையே உட்கார வைத்து மூன்று தடவை மாற்றி மாற்றி அடுக்கச் சொன்னேன். உளுந்து விலை அசையவில்லை. ரொம்ப நன்றி அண்ணே.