'பெடிகிரீ' என்ற சொல்லுக்கும் பறவைக் காலுக்கும் என்ன உறவு?

மேச்சேரி ஆட்டுக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் மேச்சேரி இனக் கிடாய் ஒன்றை விலை பேசியபோது, விற்பவர் ஒரு தாளை நீட்டி, "இதுதான் இதனுடைய பெடிகிரீ" என்றார். அதில் தாய், தந்தை, அவற்றின் தாய் தந்தை என மூன்று தலைமுறைக்குக் காது வில்லை எண்கள் எழுதப்பட்டிருந்தன. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் நாய்த்தீனிப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். அதன் சரியான பொருள் என்ன, அது 'டிகிரி' என்ற சொல்லிலிருந்து வந்ததா, மனிதர்களைப் பற்றியும் அப்படிச் சொல்லலாமா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஏற்காடு ஆசிரியை:
ஐயா, 'டிகிரி'யிலிருந்து அது பிறக்கவில்லை. அச்சொல்லின் சாயல் பிற்காலத்தில் எழுத்துக்கூட்டலில் படிந்திருக்கலாம் என்பர். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் மூலம், இங்கிலாந்தில் வழங்கிய நார்மன் பிரெஞ்சு மொழியின் 'பே தெ க்ரு' என்ற தொடர் என்பதே அறிஞர்கள் பெரிதும் ஏற்கும் கருத்து. அதன் பொருள் நாரையின் கால். பழைய வம்சாவளிச் சுவடிகளில், பெற்றோர் பெயரிலிருந்து பிள்ளைகளின் பெயர்களுக்குப் பிரிந்து இறங்கும் மூன்று கோடுகள் பறவையின் அடித்தடம்போல் இருந்ததால், குறியின் பெயரே அட்டவணைக்கும், பின்னர் பரம்பரைக்கும் ஆகிவந்தது. விலங்குகளுக்கு இச்சொல் 1600 அளவில்தான் வந்தது. ஆகவே மனிதருக்குத்தான் அது முதலில் உரியது. ஆனால், இன்று ஒருவரின் கல்விப் பின்னணியையோ ஒரு நிறுவனத்தின் நெடுநாள் பெயரையோ குறிக்கத் தயங்காமல் கையாளலாமே தவிர, பெண் பார்க்கும் இடத்தில் இச்சொல்லை எடுத்தால் ஆட்டுச்சந்தை வாடைதான் அடிக்கும்.

கன்னங்குறிச்சி பறவை நோக்கர்:
அம்மா, ஒரு சிறு திருத்தம். மூக்கனேரிக் கரைச் சேற்றில் நாம் காணும் கொக்கின் தடத்தில் முன்னே மூன்று விரல்களும் பின்னே நீண்ட ஒரு விரலும் பதிந்திருக்கும். அதை வைத்துப் பார்த்தால் குறி பொருந்தாது. ஆங்கிலேயர் 'கிரேன்' என்று சொல்லும் பறவைக்குப் பின்விரல் சிறியது, தரையைத் தொடாமல் மேலே நிற்பது. எனவே அதன் தடத்தில் மூன்று கோடுகளே தெளிவாக விழும். நாம் பொதுவாக நாரை என்றழைப்பது வேறு குடும்பம், பெயருக்காக மன்னித்துவிடலாம்.

ஓமலூர் கால்நடை மருத்துவர்:
கிடாய் வாங்குபவர் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். வெளிர் பழுப்பு நிறமும் கொம்பில்லாத தலையும் மேச்சேரி இனத்தின் அடையாளங்கள். அவற்றைக் கண்ணால் பார்த்துவிடலாம். பெடிகிரீ என்பது இன்ன தாய்க்கும் இன்ன தந்தைக்கும் பிறந்தது என்ற பதிவு. நெருங்கிய உறவுக்குள் இனச்சேர்க்கை நேராமல் தடுக்கவே அது பயன்படுகிறது. தாளில் உள்ள எண்ணும் காது வில்லையின் எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

மேச்சேரி ஆட்டுக்காரர்:
நன்றி. எண் ஒத்திருந்தது. தமிழிலும் பரம்பரையைக் 'கால்வழி' என்கிறோமே, அங்கேயும் கால்தான் இருக்கிறது! என் பதிவேட்டின் தலைப்பில் அந்தச் சொல்லையே எழுதிக்கொண்டேன்.