செங்குத்தான சரிவுல வீடு, காடு மாதிரி மண்டிக்கிடந்த மனையை எப்படி சரி பண்ணீங்க? அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். வீட்டுக்குப் பின்னாடி முழுக்க சரிவு, ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடியும் முள்ளும், உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. பார்த்தவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், ஜேசிபி விட்டு மொத்தமா வழிச்சுடுங்கன்னு. எங்களுக்கு மேல இருக்கிற மனைல அப்படித்தான் வழிச்சாங்க, அடுத்த பெருமழைக்கே மேல்மண்ணு கரைஞ்சு எங்க காம்பவுண்டுல வந்து நின்னுச்சு, அதைப் பார்த்தப்புறம் யாரு கேப்பா.

அதனால மேல இருந்து கீழ, சரிவுக்குக் குறுக்கால பட்டை பட்டையா வெட்டினோம். ஒரு பட்டை வெட்டினா அடுத்ததைத் தொடாம விட்டுட்டு, வெட்டின இடத்துல நட்டது வேர் பிடிச்சப்புறம்தான் அடுத்தது. மரத்தை வெட்டின இடத்துல அடிக்கட்டையைத் தோண்டல, மக்குற வரைக்கும் அந்த வேர்தான் மண்ணைப் பிடிச்சு வைக்கும். உண்ணிச்செடி மட்டும் விதிவிலக்கு, அதை வெறுமனே வெட்டினா துளிர்த்துடும், வேரோட பிடுங்கணும்.

நட்டது வெட்டிவேர். இதோட வேர் பக்கவாட்டுல படராம நேரா கீழ இறங்கும், நல்ல மண்ணுல 10 அடிக்கு மேலயே போகும். நாத்தை 10-15 சென்டிமீட்டர் இடைவெளில நெருக்கமா, ஒரே மட்டத்துல வரிசையா நடணும். மட்டம் தப்பினா தண்ணி பள்ளமான பக்கம் ஓடி அங்கயே வாய்க்கால் வெட்டிடும். மட்டம் பார்க்க மூணு கம்பு, ஒரு கயிறு, ஒரு கல்லு போதும், கம்பை இங்கிலீஷ் A எழுத்து மாதிரி கட்டி, உச்சியில இருந்து கயித்துல கல்லைத் தொங்கவிட்டா ஆச்சு. வெறும் மண்ணு மேல தேங்காய் நார் வலை விரிச்சோம், செடி வளர்ற வரைக்கும் மழை நேரடியா அடிக்காது, அப்புறம் அதுவே மக்கிடும்.

---

எங்க கதை சுவர்க் கதைங்க. தாங்குசுவர் கட்டுறவங்க ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, பல சுவருங்க விழுறது பின்னாடி தேங்கற தண்ணியாலதான். மேஸ்திரி வீப் ஹோல் (தண்ணி வெளிய வர சுவர்ல விடற ஓட்டை) வெச்சா பார்க்க அசிங்கமா இருக்கும் சார்னு சொன்னார், நான் விடல. பின்பக்கம் ஜல்லி, அடியில ஓட்டை போட்ட பைப்பு, எல்லாம் வெச்சுதான் கட்டினோம். குட்டைச் சுவர்னா சிமென்ட் இல்லாம கல்லை அடுக்கறதே மேல்னு நான் சொல்வேன், தண்ணி இடுக்கு வழியா தானா வெளிய வந்துடும், ஆனா சரிவுப் பக்கமா கொஞ்சம் சாய்ச்சு அடுக்கணும். 4 அடி தாண்டினா கண்டிப்பா இன்ஜினியர். ஒரே உயரச் சுவருக்கு பதிலா ரெண்டு குட்டைச் சுவரா பிரிச்சா, நடுவுல கீழ்ச்சுவர் உயரத்துல ரெண்டு மடங்காவது இடம் விடுங்க, இல்லன்னா மேல்சுவரோட பாரம் கீழ்ச்சுவர் மேல இறங்கும்.

---

மேல ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா அதுக்கும் முன்னாடி சரிவை ஒருதடவை நல்லா நடந்து பாருங்க. மரங்க அடியில வளைஞ்சு நிக்குதா, வேலி சாயுதா, மேல்பக்கம் மண்ணுல நீளமா வெடிப்பு இருக்கா? இருந்தா மண்ணு மெதுவா நகருதுன்னு சந்தேகப்படணும், செடி கிடி எல்லாம் அப்புறம், முதல்ல மண்ணு பரிசோதிக்கிற ஆளு. கூரைத் தண்ணியையும் சரிவுல விடாதீங்க, பைப்பு போட்டு கீழ கொண்டுபோய் விடுங்க.

அப்புறம் பாதை. நாங்க வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி குறுக்கால வளைஞ்சு வளைஞ்சு ஏறுற மாதிரி ஒரு ஒத்தையடிப் பாதை வெட்டிட்டோம். கல்லு, உரம், நாத்து எல்லாத்தையும் கையாலதானே தூக்கணும், மெஷின் ஏறாது. கடைசில பாதை போட்டுக்கலாம்னு இருக்கிறவங்க முட்டிய மறந்துடுங்க 😄