பிக் பாங் தியரி: தங்கைக்கு எந்தப் பத்து எபிசோடைக் காட்டலாம்?

வணக்கம் மக்களே, ஒரு சின்ன உதவி. 2007-இல் தொடங்கிய அமெரிக்க நகைச்சுவை டிவி தொடர் பிக் பாங் தியரி, 2019 மே 16-ஆம் தேதி 12-ஆவது சீசனோடு முடிந்தது. மொத்தம் 279 எபிசோடு. கடைசி எபிசோடை என்னோடு உட்கார்ந்து பார்ப்பேன் என்று தங்கை அடம்பிடிக்கிறாள். இதுவரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை! கையில் இருப்பது ஒரே ஒரு சனி, ஞாயிறு. பத்து எபிசோடு தேறும்.

இரண்டை முடிவு செய்துவிட்டேன். முதல் சீசனில் நாயகர்களில் ஒருவனான விஞ்ஞானி ஷெல்டன் நடுராத்திரியில் எதிர்வீட்டுப் பெண் பென்னி வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவானே, அது. அப்புறம் இரண்டாவது சீசன் கிறிஸ்துமஸ். பென்னி தரும் பரிசுக்குச் சரிக்குச் சரி திருப்பித் தர வேண்டுமே என்று ஷெல்டன் சின்னதும் பெரிதுமாகப் பரிசுக்கூடைகளை வாங்கி ஒளித்து வைத்திருப்பான். அவளோ, ஷெல்டன் தெய்வமாக நினைக்கும் ஸ்டார் டிரெக் நடிகர் லெனர்ட் நிமாய் வாய் துடைத்துக் கையெழுத்துப் போட்ட நாப்கினை நீட்டுவாள். அத்தனை கூடையையும் கொண்டுவந்து குவித்தும் போதாமல், யாரையும் தொடவே கூசுகிறவன் அவளைக் கட்டிப்பிடிப்பான், மரக்கட்டை மாதிரி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்போடு தொண்டையும் அடைக்கும்.

மீதி எட்டு? ஏமி, பெர்னடெட் என்ற இரண்டு பெண் பாத்திரங்கள் வந்த பிறகு எதை எடுப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை. கல்யாண எபிசோடுகள் மட்டும் வேண்டாம், முன்கதை தெரியாமல் ஒட்டாது. சீசன், எபிசோடு எண்ணோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.